யாரெல்லாம் திரும்பி வர்றாங்க?

ஆரின் ஸ்டக்கிக்கு டனவே என்கிற சின்ன ஊர்க் கல்லூரி கொடுத்திருந்த பதவி, கூடைப்பந்து அணியின் செயல்பாட்டு இயக்குநர். கேட்க என்னவோ பெரிதாகத்தான் இருக்கும். உட்கார்ந்தது, முன்பு ஈரத் துண்டுகளைக் குவித்துவைத்திருந்த அறையில். சுவரில் கட்டம் போட்ட காலண்டர், மேசையில் ஒரு போன், ஒரு கோப்பை நிறையப் பல்லால் கடித்த பென்சில்கள். இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை ஒன்றே ஒன்றுதான்: நவம்பரிலும் டிசம்பரிலும் எங்கள் பையன்களோடு யாராவது ஆடுங்களேன் என்று ஊர் ஊராகப் போன் போட்டுக் கெஞ்சுவது.

இதில் கெஞ்ச என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் அந்த நாற்காலியில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும். ஜனவரி வந்துவிட்டால் லீக் ஆட்டங்கள், அவை தானாக நடக்கும். அதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்கு எதிரணி பிடிப்பது அவரவர் சாமர்த்தியம். பதினைந்தாயிரம் பேர் உட்காரும் அரங்கம் வைத்திருக்கிற பெரிய பல்கலைக்கழகங்கள் ஆளைப் பார்த்துத்தான் கூப்பிடும். நோஞ்சான் அணி என்றால் பணம் கொடுத்தே அழைக்கும். வா, நாற்பது புள்ளியில் தோற்றுவிட்டுக் காசோலையோடு கிளம்பு. கொஞ்சம் நன்றாக ஆடுகிறவர்கள் என்று வாடை அடித்தால் போதும், அந்த வருடம் அவர்கள் காலண்டரில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. டனவேயை ஜெயித்தால் பேர் கிடைக்காது, தோற்றால் மானம் போகும், எதற்கு இந்த வம்பு? சரி, அது அவர்கள் நியாயம். ஆனால் மார்ச் மாதம் தேசியப் போட்டிக்கு அறுபத்தெட்டு அணிகளைப் பொறுக்கியெடுக்க ஒரு கமிட்டி உட்காருமே, அது முதலில் என்ன கேட்கும் தெரியுமா? பெரிய அணி எதையாவது ஜெயித்திருக்கிறாயா என்றுதான். எங்களோடு ஆடவே மாட்டேன் என்பவனும் அவன், ஏன் ஆடவில்லை என்று கேட்பவனும் அவன் கூட்டாளி. இந்த அக்கிரமத்தை எங்கே போய்ச் சொல்லி அழுவது!

ஆரின் டனவேக்கு வெளியே பன்றிப்பண்ணை வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. அதே கல்லூரி அணியில் மூன்று வருடம் பெஞ்சைத் தேய்த்தவர். பிறகு பள்ளிக்கூடத்தில் பூகோளமும் கார் ஓட்டவும் சொல்லிக் கொடுத்தார். முப்பத்தாறு வயதில் கல்லூரி கூப்பிட்டதும் ஓடி வந்தார். மனைவி மார்வா வாகன உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் முன்னாள் ராணுவத்தார் சங்கத்து லீஜன் ஹாலுக்கு மீன் வறுவல் சாப்பிடப் போவார்கள். பிள்ளைகள் இல்லை. அணிப் பையன்களே அந்த வீட்டு அடுப்படியில் வந்து ஃபிரிட்ஜைத் திறந்து காலி செய்துவிட்டுப் போவார்கள்.

போனில் அவருக்கு ஒரு தனித் திறமை இருந்தது. அந்தத் தொழிலில் எவன் போனை எடுத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். யாரெல்லாம் திரும்பி வர்றாங்க? போன வருடம் ஆடியவர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். நல்லவன் எவனும் இல்லை என்று நம்பவைத்தால்தான் ஆட்டம் கிடைக்கும். அதற்கு எல்லாக் கல்லூரிக்காரர்களும் பஞ்சப்பாட்டு பாடுவார்கள். ஆரினைப் போலப் பாட ஆள் கிடையாது.

"என்னத்தச் சொல்றது கோச், சென்டர்ல ஆடற நெட்டப் பையனுக்கு முட்டி போச்சு. இன்னொருத்தன் பரீட்சையில கோட்டை விட்டுட்டான். மிச்சம் இருக்கிறதெல்லாம் பச்சப் புள்ளைங்க. பந்தக் குடுத்தா ஆளுக்கொரு பக்கம் ஓடுதுங்க" என்பார், அழாத குறையாக. அந்தத் தொழிலில் எல்லாரும் எல்லாருக்கும் கோச்தான்.

அவர் வாயாலேயே பதினோரு முட்டிகளுக்கு ஆபரேஷன் நடந்திருக்கிறது. முட்டிக்குச் சொந்தக்காரன் அந்த நேரம் பக்கத்து மைதானத்தில் எகிறிக் குதித்துக்கொண்டிருப்பான். இதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. தொழில், அவ்வளவுதான். எதிர்முனையில் இருப்பவனும் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பான்.

இருபத்திரண்டாவது வருடம் மார்ச்சில் நடந்ததைச் சொன்னால்தான் மற்றது புரியும். டனவே இருபத்தேழு ஆட்டம் ஜெயித்திருந்தது. லீக்கின் இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. அதை ஜெயித்திருந்தால் யார் தயவும் வேண்டாம், நேராக உள்ளே போயிருக்கலாம். தோற்றதால் கமிட்டி பார்த்துப் போட்டால்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஊரே உள்ளரங்கத்தில் கூடிப் பெரிய திரையைப் பார்த்தது. அறுபத்தெட்டுப் பெயர் வந்தது. டனவே வரவில்லை. திரையில் கோட்டுப் போட்ட ஒருவன், "இவங்க பெரிய அணி யாரையும் ஜெயிக்கலையே" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். மூவாயிரம் பேர் சத்தமில்லாமல் நாற்காலிகளை மடக்கினார்கள்.

முன்வரிசையில் கீனன் மேப்ஸ் உட்கார்ந்திருந்தான். பந்தை எடுத்து வந்து ஆட்டத்தை நடத்துகிறவன், மூன்றாம் வருட மாணவன், அணியின் உயிர். பக்கத்தில் அவன் அம்மா டெல்ஃபின், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவனை இழுக்க ஏற்கெனவே மூன்று பெரிய இடங்கள் ஆள் விட்டுப் பார்த்திருந்தன. இப்போதெல்லாம் எந்தப் பையனும் எந்த வருடமும் மாறுதல் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு வேறு கல்லூரிக்குப் போகலாம், தடுக்க ஆளில்லை. கீனன் போகவில்லை. எழுந்து வந்து ஆரினின் தோளில் கை வைத்தான்.

"கோச், நாங்க முக்கியமா ஆடற அஞ்சு பேரும் அடுத்த வருஷம் இருக்கோம். பேசிட்டோம். நீங்க ஒரே ஒரு பெரிய ஆட்டம் புடிச்சுக் குடுங்க. ஒண்ணே ஒண்ணு. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

"புடிச்சுத் தர்றேன்டா. தலகீழா நின்னாவது புடிச்சுத் தர்றேன்" என்றார் ஆரின்.

ஏப்ரல் முழுக்கத் தலைகீழாகத்தான் நின்றார். நாற்பத்து மூன்று இடங்களுக்குப் போன் போட்டார். இருபத்தேழு வெற்றி, ஐந்து பேரும் திரும்பி வருகிறார்கள் என்கிற சேதி அவருக்கு முன்னாலேயே எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஒருத்தன் காலண்டர் நிரம்பிவிட்டது என்றான். ஒருத்தன் பத்து நாள் கழித்துப் பேசுங்கள் என்றான், பத்தாவது நாள் போனை எடுக்கவில்லை. ஒரு மகராசன் மட்டும் உண்மையைச் சொன்னான்: "உங்ககூட ஆடறதுக்கு எங்க கோச்சுக்குப் பைத்தியமா ஆரின்? நீங்க கேவலமா ஆடற வருஷம் கூப்பிடுங்க, உடனே வர்றோம்." ஆரின் நன்றி சொல்லிப் போனை வைத்தார். இருபத்திரண்டு வருடமாக அவர் நன்றி சொல்லித்தான் வைக்கிறார்.

நாற்பத்து நான்காவது அழைப்பு ஆஷ்வுட் பல்கலைக்கழகத்துக்கு. அங்கே அட்டவணை போடுகிறவன் ட்ரெண்ட் ஓவர்பி, முப்பத்து நாலு வயது, எப்போதும் எதையாவது மென்றுகொண்டே பேசுவான்.

"யாரெல்லாம் திரும்பி வர்றாங்க?"

"ஏன் கேக்கறீங்க கோச், நம்ம சென்டர் பையன் முட்டி..."

"அட, முட்டிப் பாட்ட நிறுத்துங்க. எங்க அப்பா காலத்துலேர்ந்து பாடறீங்க. அந்த மேப்ஸ் பையன் இருக்கானா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

ஆரின் காலண்டரைப் பார்த்தார். டிசம்பர் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது.

"இருக்க மாட்டான் போலத் தெரியுது கோச். மனசு இங்க இல்ல." இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். பாட்டுக்காரனுக்கு நிறுத்தத் தெரியாதே! "நெசத்தச் சொல்லப்போனா, எங்களுக்கும் அவன வெச்சுக்கறதுல பெருசா ஆசையில்ல. இது நமக்குள்ள இருக்கட்டும்."

மெல்லும் சத்தம் நின்றது.

"டிசம்பர் பதினாலு காலியா இருக்கு" என்றான் ஓவர்பி. "இந்த வருஷம் நீங்க இங்க வாங்க. அடுத்த வருஷம் நாங்க அங்க வர்றோம். ஒப்பந்தத்த அனுப்பறேன்."

ஆஷ்வுட் டனவேக்கு வருவதா! அந்தச் சின்ன உள்ளரங்கத்துக்கு எந்தப் பெரிய அணியும் வந்ததாக யாருக்கும் ஞாபகமே இல்லை. வியாழக்கிழமையே தலைமைக் கோச் ஹால்டமனிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார். ஹால்டமன் அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவர், அவரைக் கட்டிப் பிடித்துத் தூக்கியே விட்டார். இனி அந்தப் பக்கத்துக் கையெழுத்து வரவேண்டியதுதான் பாக்கி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கீனன் துண்டு அறை வாசலில் வந்து நின்றான். வழக்கமாக உள்ளே வந்து பென்சில் ஒன்றை எடுத்து விரலில் சுழற்றுவான். அன்று உள்ளே வரவில்லை.

"கோச், நான் போறேன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாருடா சொன்னது?"

"பள்ளிக்கூட நாள்ல நான் ஆடின கோடைக்கால கிளப் கோச்சுக்கு எங்கேர்ந்தோ ஒரு போன் வந்துச்சாம். டனவேயில உன்ன வேண்டாங்கறாங்களாமே, உனக்கு வேற இடம் பாக்கட்டுமான்னு கேக்கறாரு. நான் சிரிச்சேன். எங்க ஆளுங்க அப்படிப் பண்ண மாட்டாங்கன்னு சொன்னேன். அது நீங்க சொன்னதாம் கோச். உங்க பேரச் சொல்றாரு."

அந்த ஒரு கணத்தில் ஆரின் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் பையன் வாய்விட்டுச் சிரிப்பான். சிரித்துவிட்டுக் கிளப் கோச்சிடம் சொல்லுவான். அந்த ஆள் ஒரு மணி நேரத்துக்குள் ஆஷ்வுட்டில் சொல்லிவிடுவான். கையெழுத்து இன்னும் வரவில்லை. டிசம்பர் பதினாலு போய்விடும். இந்தப் பையனுக்காகப் பிடித்த ஆட்டம்தானே? இரண்டு நாள் பொறுத்தால் என்ன குடி முழுகிப் போகும்?

"திங்கக்கெழம பேசுவோம் தம்பி. இப்ப ஒண்ணும் கேக்காத."

"இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா போதும் கோச். நான் போயிடறேன்."

"அதான் சொல்றேனே. திங்கக்கெழம."

"சரி கோச்" என்று கீனன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான். அன்று லீஜன் ஹாலில் ஆரின் மீனைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை டெல்ஃபினின் எண் போனில் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், எடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஒன்பதே முக்காலுக்குக் கையெழுத்து வந்தது. ஆரின் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில் ஓடினார். எதிரே ஹால்டமன் போனை நீட்டிக்கொண்டு வந்தார்.

"கீனன் மாறுதல் பட்டியல்ல பேர் குடுத்துட்டான் ஆரின். எட்டு மணிக்கே குடுத்துட்டான். எதுக்குன்னே புரியலயே! உங்ககிட்ட ஏதாவது சொன்னானா?"

"இல்லையே" என்றார் ஆரின். இருபத்திரண்டு வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிற்று.

கீனன் வீட்டுக்கு நேரே போனார். டெல்ஃபின் பேருந்துக்காரர்களின் மஞ்சள் சட்டையோடு கதவைத் திறந்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே ஆரின் எல்லாவற்றையும் கொட்டினார்: ஆட்டம் பிடிக்கச் சொன்ன பொய் அது, எல்லாரும் சொல்வதுதான், அவனை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவன் இல்லாமல் அணியே இல்லை.

அவள் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அத வெள்ளிக்கெழமையே ஏன் சொல்லல?"

"கையெழுத்து வரல டெல்ஃபின்."

"கையெழுத்து" என்றாள் அவள். "என் புள்ள வெள்ளிக்கெழம ராத்திரி சாப்பிடல. சனிக்கெழம சாப்பிடல. மூணு பெரிய இடத்த வேண்டாம்னு சொன்னவன் அவன். என்ன வேண்டாங்கறாங்களாம்மான்னு சின்னப் புள்ள மாதிரி கேட்டான். நீங்க கையெழுத்துக்குக் காத்துக்கிட்டிருந்தீங்களாக்கும். அவன் வேற காலேஜ் பாக்க விமானத்துக்குப் போயாச்சு. நீங்களும் போங்க."

கதவு மூடிக்கொண்டது. ஒன்பது நாள் கழித்துக் கீனன் மேப்ஸ் ஆஷ்வுட்டில் சேர்ந்தான் என்று செய்தி வந்தது.

இதற்குப் பிறகுதான் ஆரினுக்கு ஊரில் மரியாதை கூடியது, அந்தக் கொடுமையை என்ன சொல்ல! பிக்கெட் உணவகத்தில் அவர் நுழைந்ததும் கை தட்டினார்கள். கடைக்காரர் வறுத்த பன்றித் துண்டு வைத்த சாண்ட்விச்சைக் கொண்டுவந்து வைத்து, கூடவே ஒரு கிண்ணம் பெர்சிமன் பழப் புட்டிங்கும் வைத்தார்.

"காசு வேண்டாம் ஆரின். ஆஷ்வுட்ட நம்ம ஊருக்கே வரவெச்சுட்டியே, நீ மனுஷன்யா. அந்தப் பய ஒருத்தன் மட்டும் இருந்திருந்தா டிசம்பர்ல பிச்சு உதறிடலாம். துரோகி! சோறு போட்ட ஊருக்கு இப்படியா பண்ணுவான்?"

"பெரிய இடம்னதும் பல்ல இளிச்சுட்டான். வளப்பு அப்படி" என்றான் பக்கத்து மேசைக்காரன்.

ஆரின் குனிந்து புட்டிங்கைத் தின்றார். வீட்டில் மார்வாவிடம் மட்டும் சொன்னார்.

"போய்ச் சொல்லிடு ஆரின்" என்றாள் அவள்.

"சொன்னா என்ன ஆகும்?"

"உன்னத் திட்டுவாங்க. இப்ப அந்தப் புள்ளயத் திட்டறாங்க."

நாளைக்குச் சொல்கிறேன் என்றார். அந்த நாளை வரவே இல்லை. கோழை என்று சொன்னால் கோழைதான், அதற்கு வேறு பெயர் கிடையாது.

டிசம்பர் பதினான்கு. இரண்டு பேருந்து நிறைய டனவே ஜனங்கள் ஆஷ்வுட் அரங்கத்துக்குப் போனார்கள். கீனன் ஆஷ்வுட்டின் சிவப்புச் சட்டையில் பந்தைத் தொட்டபோதெல்லாம் "துரோகி, துரோகி" என்று கத்தினார்கள். மூன்று வரிசை தள்ளி டெல்ஃபின் உட்கார்ந்திருந்தாள். நேரே பார்த்தபடி இருந்தாள், ஒருமுறைகூடத் திரும்பவில்லை. டனவேயின் மற்ற நாலு பேரும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். ஆறு புள்ளியில் தோற்றார்கள். கீனன் பத்தொன்பது போட்டான். அவன் இந்தப் பக்கம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கப் பூகோள வாத்தியாருக்குக்கூட விரல் போதும்.

ஆட்டம் முடிந்து இரண்டு அணியும் வரிசையாகக் கை குலுக்கின. கீனன் பழைய நண்பர்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டே வந்தான். கடைசியில் ஆரின் நின்றார்.

"அம்மா சொன்னாங்க கோச். எதுக்காக அப்படிச் சொன்னீங்கன்னு."

"கீனன், நான் அன்னிக்கே..."

"வெள்ளிக்கெழம என்கிட்ட சொல்லியிருந்தா நான் வாயத் திறந்திருக்க மாட்டேன். கையெழுத்து வர்ற வரைக்கும் நானும் சேந்து முட்டி வலிக்குதுன்னு நொண்டியிருப்பேன்." அவன் குரல் உயரவே இல்லை. "என்ன நம்பத் தோணல உங்களுக்கு."

கையைக் குலுக்கிவிட்டுப் போனான். அவர்கள் பெஞ்சுப் பக்கத்தில் ஓவர்பி எதையோ மென்றுகொண்டு இவருக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். ஆரினும் பதிலுக்குக் காட்டினார்.

டனவே அந்த வருடம் பதினைந்து ஜெயித்து, பதினாறு தோற்றது. மார்ச் ஞாயிற்றுக்கிழமை யாரும் உள்ளரங்கத்தில் கூடவில்லை. ஏப்ரல் முதல் வாரம் மிச்சமிருந்த நாலு பேரில் இருவர் படிப்பு முடித்தார்கள், இருவர் மாறுதல் பட்டியலில் பெயர் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே பெஞ்சுப் பையன்களும் போனார்கள். இரண்டாம் வாரம் ஆஷ்வுட்டிலிருந்து கடிதம் வந்தது. ஒப்பந்தப்படி அபராதத்தைக் கட்டிவிட்டோம், டனவேக்கு வந்து ஆடுவதற்கில்லை, வருந்துகிறோம். ஆரின் அடுத்த டிசம்பர் கட்டத்தில் எழுதியிருந்ததை ரப்பரால் அழித்தார். முழுதாக அழியவில்லை.

மூன்றாம் வாரம் போன் அடித்தது. இருபத்திரண்டு, இல்லை, இருபத்து மூன்று வருடத்தில் ஒரு பெரிய இடம் தானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நீங்கள் கேவலமாக ஆடும் வருடம் கூப்பிடுங்கள் என்றானே ஒருத்தன், அவனேதான்.

"என்ன ஆரின், சௌக்கியமா? யாரெல்லாம் திரும்பி வர்றாங்க?"

"யாரும் இல்ல" என்றார் ஆரின்.

எதிர்முனையில் சிரிப்பு. "ஆரம்பிச்சுட்டீங்களா உங்க பஞ்சப்பாட்ட!"

"இல்ல கோச். நெசமாவே யாரும் இல்ல."

அவன் கணினியில் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"அட, ஆமா" என்றான். "அப்ப நவம்பர் ஒன்பதாந்தேதி வந்துடுங்க. இன்னிக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்."

ஆரின் நன்றி சொல்லிப் போனை வைத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. கோப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துக் காலண்டரில் ஒன்பதாம் தேதிக் கட்டத்தில் அந்த ஊர்ப் பெயரை எழுதிக்கொண்டார்.